வேலையும் வருமானமும் வறுமையும்: ஐயப்பன்தாங்கலில் ஒரு வீட்டுக் கணக்கு

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

நாங்கள் இரண்டாமாண்டில் அடியெடுத்து வைப்பதற்கு முன்பே எங்கள் பேராசிரியர் ஒரு பயிற்சி கொடுத்துவிட்டார். "உங்கள் வீட்டு வரவு செலவை ஓராண்டு நாள் தவறாமல் எழுதுங்கள். வகுப்பில் படிக்கும் இலக்கணங்களை அதன்மேல் வைத்துப் பார்ப்போம்" என்றார். எழுதத் தொடங்கியவர் பலர், முடித்தவர் சிலர். என் இருநூறு பக்க நோட்டு 2024 ஜூன் முதல் தேதியில் தொடங்கி 2025 மே 31இல் முடிகிறது. அதிலிருந்து சில பக்கங்களைத்தான் இங்கே விரித்துக் காட்டப் போகிறேன்.

இது புதிய முறை அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர். நூலறிவை மட்டும் நம்பாத அவர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, யாருக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு என்ன கூலி, யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதி வரச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் போன்ற ஊர்களைப் பற்றிய அந்தக் குறிப்புகள் 1918இல் நூலாயின. பின்னர் 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்களை அனுப்பினர். தூசி என்றதும் எனக்கு மகிழ்ச்சி. என் தந்தையார் பிறந்த ஊர் அதற்கு அருகில்தான் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் அந்தப் பக்கத்துக் கூலிக்காரர்களை எண்ணினார்கள். அவர்கள் வழிவந்த ஒருவர் சென்னையின் ஓரத்தில் எப்படி வாழ்கிறார் என்று நான் எண்ணியிருக்கிறேன்.

ஊர்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், போரூரைத் தாண்டிக் காட்டுப்பாக்கத்துக்கு முன்னால் இருப்பது ஐயப்பன்தாங்கல். மாநகரப் பேருந்துப் பணிமனை இங்கே இருப்பதால் எங்கள் ஊரின் பெயர் பேருந்துகளின் நெற்றியில் ஏறிச் சென்னை முழுதும் சுற்றி வருகிறது. ஊருக்கு வந்திராதவர்களும் பெயரை அறிவார்கள். தாங்கல் என்றால் பாசனத்துக்கு மழைநீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அவ்வாறு வந்த பெயர்களே. ஆக, இந்த ஊர் ஒரு காலத்தில் எதை உண்டு, எதை உழைத்து வாழ்ந்தது என்பதற்குப் பெயரே சான்று.

நெல் போய்த் தொழிற்சாலை வந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களிலும் எழுந்தன. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, டன்லப் டயர், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று மேற்குப் புறநகர் முழுவதும் சங்கொலி கேட்டு எழுந்த காலம் அது. அங்கே நிரந்தர வேலை கிடைத்தவர்கள் கால் கிரவுண்டு, அரைக் கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அந்தத் தலைமுறையினர். குடியிருப்பவர்கள் அதற்குப் பின் வந்தவர்கள். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை திறந்து, 2014 நவம்பரில் மூடியது. மணப்பாக்கத்தில் கணிப்பொறி அலுவலகங்கள் எழுந்தன. அவற்றில் பணியாற்றுவோருக்கு அடுக்குமாடி வீடுகள் வேண்டியிருந்தன. அந்த வீடுகளைக் கட்ட என் தந்தையாரைப் போன்றவர்கள் வேண்டியிருந்தார்கள். கட்டி முடித்தபின் துடைக்கவும் பாத்திரம் துலக்கவும் என் தாயாரைப் போன்றவர்கள் வேண்டியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தின் பொருளியல் வரலாறு இவ்வளவுதான்.

சென்னை மாநகராட்சியின் எல்லை 2011இல் விரிந்தபோது போரூர் உள்ளே சென்றது; நாங்கள் ஊராட்சியாகவே நின்றோம். வாடகை மட்டும் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். தந்தையார் கொத்தனார். 1996இல் பதினெட்டு வயதில் கையாளாக வந்து, கலவை சுமந்து, பிறகு கரண்டி பிடித்தவர். தாயார் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். நான், பத்தாம் வகுப்புத் தம்பி, தந்தையாரின் தாயார். அவரை நாங்கள் ஆயா என்போம். ஓர் அறையும் சமையலிடமும் கொண்ட வீட்டுக்கு மாதம் ரூ. 6,000 வாடகை.

வேலை என்றால் என்ன?

முதல் இலக்கணமே என்னைத் திணற அடித்தது. என் தந்தையார் வேலையில் இருப்பவரா, வேலையற்றவரா?

மாதவாரியாக அவர் வேலை செய்த நாட்கள் இவை: ஜூன் 19, ஜூலை 20, ஆகஸ்டு 16, செப்டம்பர் 19, அக்டோபர் 11, நவம்பர் 8, டிசம்பர் 9, ஜனவரி 13, பிப்ரவரி 21, மார்ச் 22, ஏப்ரல் 11, மே 18. மொத்தம் 187 நாட்கள். வடகிழக்குப் பருவமழையில் பூச்சு வேலை நிற்கும். நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோது இங்கேயும் எல்லாம் நின்றது. பொங்கலுக்கு ஊருக்குப் போன மேஸ்திரி ஒரு வாரம் திரும்பவில்லை. ஏப்ரலில் கையில் கம்பி குத்தியது. இவை போக எஞ்சிய வெற்று நாட்களுக்குக் காரணம் எழுத என்னால் இயலவில்லை. போனார், ஆள் எடுக்கவில்லை, திரும்பி வந்தார் என்றுதான் நோட்டில் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆண்டில் ஆறு மாதம், அதாவது 183 நாட்களோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். நான்கு நாள் வித்தியாசத்தில் என் தந்தையார் முதன்மைத் தொழிலாளர் ஆகிவிட்டார். இதை அவரிடம் சொன்னேன். "முதன்மைன்னா சம்பளம் கூட வருமா?" என்று கேட்டார்.

தேசிய மாதிரி ஆய்வு இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. வேலையின்மையை ஒரே எண்ணால் அளக்க முடியாது என்று தாந்த்வாலா குழு 1970இல் கூறியதன் பயனாக மூன்று அளவைகள் வந்தன. ஓராண்டில் பெரும்பகுதி நேரம் என்ன செய்தார் என்று பார்ப்பது ஒன்று. கடந்த ஏழு நாட்களில் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று பார்ப்பது இன்னொன்று. ஏழு நாட்களையும் அரை அரை நாளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தார் என்று கேட்பது மூன்றாவது.

இவற்றை 2024 நவம்பர் இரண்டாம் வாரத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். அந்த வாரம் தந்தையார் ஆறு நாள் காலை ஆறரைக்கெல்லாம் பூந்தமல்லி சாலையோரத்து டீக்கடை வாசலில் போய் நின்றார். கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் பையில் இருந்தன. வேலை கிடைத்தது வியாழக்கிழமை ஒரு நாள். ஆண்டு அளவையில் அவர் வேலையில் இருப்பவர். வார அளவையிலும் வேலையில் இருப்பவர். வியாழக்கிழமை ஒரு மணி நேரம் செய்திருந்தாலே போதும். நாள் அளவையில் மட்டுமே அவர் ஒரு நாள் வேலையில் இருந்து, ஐந்து நாள் வேலை தேடியவராகத் தெரிகிறார். ஆள் ஒருவர், வாரம் ஒன்று, விடை மூன்று.

2023-24இல் இந்தியாவின் வேலையின்மை வீதம் 3.2 விழுக்காடு என்று அரசின் ஆய்வு கூறியது. ஆண்டு அளவைப்படி வந்த எண் அது. செய்தித்தாளில் படிக்கும்போது நூற்றுக்கு மூன்று பேர்தானா என்று வியப்பாக இருக்கும். நோட்டு எழுதியபின் எனக்கு அந்த வியப்பு இல்லை. வேலையில்லாமல் ஆண்டு முழுவதும் வீட்டில் இருப்பதற்கு வசதி வேண்டும். கூலிக்காரர் எவரும் ஆண்டு முழுவதும் சும்மா இருக்க முடியாது. எதையாவது செய்தே தீர்வார். ஆகவே ஏழைகள் நிறைந்த நாட்டில் இந்த எண் சிறியதாக இருப்பது இயல்பே.

தாயார் கதை வேறு. காலை ஆறரைக்குப் போனால் பதினொன்றுக்கு வருவார். ஞாயிறும் கிடையாது. யாராவது வந்து "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால், "வேலை எதுவும் இல்லைங்க, சும்மா ரெண்டு வீடு பாக்கறேன்" என்பார். நான் பக்கத்தில் இருந்தால் திருத்துவேன். இல்லாவிட்டால் அந்தச் 'சும்மா' எந்தப் பத்தியில் போய் விழுமோ! நாட்டில் பெண்கள் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுப்புகள் குறைத்துக் காட்டுகின்றன என்று அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். குறைவது எந்த இடத்தில் என்பதை எங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஓர் ஊரில் 'வாழ்வோர்' என்று யாரைச் சொல்வது? 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, எங்களுக்கு அண்மையில் உள்ள மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையார் வேறு ஒரு வேலையிடத்திலிருந்து நள்ளிரவில் திரும்பியதும், ஆயா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததும் நினைவிருக்கிறது. தகரக் கொட்டகையில் ஓராண்டு தங்கிக் கட்டி முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் எந்த ஊரின் வறுமைக் கணக்கில் சேர்வார்கள்? சொந்த ஊரில் 'வெளியே போயிருக்கிறார்', இங்கே 'வெளியூர்க்காரர்'. 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தபின் பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓர் அட்டையாவது கையில் இருக்கிறது. என் தந்தையாரிடமும் இருக்கிறது. புதுப்பிக்கும் நாளில் ஒரு நாள் கூலி போகும்.

வருமானம்

கொத்தனார் கூலி எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டு நாளொன்றுக்கு ரூ. 1,000. கேட்பவர்கள் "மாதம் முப்பதாயிரமா?" என்பார்கள். நாட்கூலியை முப்பதால் பெருக்குவது மாதச் சம்பளக்காரர்களின் பழக்கம். பெருக்க வேண்டிய எண் 187, வருவது ரூ. 1,87,000.

தாயாருக்கு ஒரு வீட்டில் ரூ. 3,000, இன்னொன்றில் ரூ. 2,500. இரண்டாம் வீட்டார் மகள் பேறுகாலத்துக்காக நவம்பர், டிசம்பர் இரு மாதமும் அமெரிக்கா போய்விட்டார்கள். வீடு பூட்டியிருந்தால் சம்பளம் ஏது? ஆண்டுக்கு ரூ. 61,000. ஆக, உழைத்துப் பெற்றது மொத்தம் ரூ. 2,48,000.

இதில் தந்தையாரின் வண்டிக்குப் பெட்ரோல், தேய்ந்த கரண்டிக்குப் பதில் புதுக் கரண்டி, வேலை கிடைக்காத நாளிலும் குடித்த டீ எல்லாம் அடக்கம். கடை வைத்திருப்பவர் செலவைக் கழித்து இலாபத்தை வருமானம் என்கிறார். கூலிக்காரருக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது. இது எந்தப் பாடநூலின் நியாயம் என்று தெரியவில்லை.

வேறு இரண்டு வரவுகள் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை தாயாருக்கு மாதம் ரூ. 1,000. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் ரூ. 1,000. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 24,000, உழைத்துப் பெற்றதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்க்க வேண்டும். அது வரவாக வராது, செலவாகப் போகாமல் நிற்கும்.

ஆயா வீட்டில் இருந்தபடி பூக்கடைக்குப் பூக்கட்டித் தருகிறார். எவ்வளவு வருகிறது என்று பலமுறை கேட்டேன். சுருக்குப் பையை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டு, "அதெல்லாம் உன் நோட்டுக்கு எதுக்கு?" என்றார். ஆகவே அந்தப் பத்தி வெற்றாகவே இருந்தது.

இப்போது, எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்த செய்திக்கு வருகிறேன். உரிமைத் தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்கு மேற்படக்கூடாது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கும் அதே வரம்பு. இதுவரை எங்கள் வீட்டுப் படிவங்களில் 'தொழில்: கூலி. ஆண்டு வருமானம்: ரூ. 84,000' என்றுதான் இருந்தது. யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. எங்கள் தெருவில் பலரும் ஏறத்தாழ அதே தொகையை எழுதினார்கள். கூலிக்காரர் வருமானம் என்றால் அது என்பது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. கணக்கு எழுதாத வீட்டில் எந்த எண்ணும் பொய்யன்று. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது நோட்டு இருக்கிறது. அது 2,48,000 என்கிறது. வரம்புக்கும் எங்களுக்கும் இடையே ரூ. 2,000, அதாவது தந்தையாரின் இரண்டு நாள் கூலி! நவம்பரில் மூன்று நாள் மழை பெய்யாதிருந்தால் நாங்கள் உதவி தேவைப்படாதவர்கள். ஐந்து நாள் குறைந்தால் அவர் முதன்மைத் தொழிலாளர் இல்லை, மூன்று நாள் கூடினால் நாங்கள் ஏழைகள் இல்லை. பேராசிரியர் கூட்டலை இருமுறை சரிபார்த்தார்.

வறுமை

மனிதன் உயிர் வாழ எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்குச் சென்னை மாகாணம் மிகக் கொடிய முறையில் ஒருமுறை விடை தேடியது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கான தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைக்கச் செய்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதே 1876இல்தான் தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றிய தம் கட்டுரையைப் பம்பாயில் படித்தார். சராசரி இந்தியனின் ஆண்டு வருமானம் ரூ. 20 என்று கணக்கிட்ட அவர், சிறைக் கைதிக்கு அரசு செய்யும் உணவு, உடைச் செலவை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சிறைக்கு வெளியே இருப்பவனின் வருமானம் உள்ளே இருப்பவனின் செலவுக்குக்கூட எட்டவில்லை.

விடுதலைக்குப் பின், 1962இல் திட்டக்குழு அமைத்த பணிக்குழு தலைக்கு மாதம் ரூ. 20 என்றது. கல்வியையும் மருத்துவத்தையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று கருதி, அவற்றுக்குரிய செலவை அதில் சேர்க்கவில்லை. 1971இல் தாண்டேகரும் ராத்தும் நாளொன்றுக்கு 2,250 கலோரி கிடைக்கும் செலவை எல்லையாக வைத்தனர். 1979இல் வந்த குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று பிரித்து, 1973-74 விலையில் ரூ. 49.09, ரூ. 56.64 என்று காசு வரைக்கும் கோடு போட்டது. பின்னர் லக்டவாலா, டெண்டுல்கர், ரங்கராஜன் என்று குழுக்கள் மாறின, கோடும் மாறியது. டெண்டுல்கர் முறைப்படி 2011-12இல் தமிழ்நாட்டுக் கோடு கிராமத்தில் மாதம் ரூ. 880, நகரத்தில் ரூ. 937. அதன்படி மாநிலத்தில் வறுமையில் இருந்தோர் 11.28 விழுக்காடு. 'நாளொன்றுக்கு 32 ரூபாய் இருந்தால் ஏழையில்லையா?' என்று 2011இல் நாடெங்கும் எழுந்த கூச்சலைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

எங்கள் ரூ. 2,48,000ஐ ஐந்து பேருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் வகுத்தால் தலைக்கு மாதம் ரூ. 4,133. விலைவாசி 2011-12க்குப் பின் ஏறத்தாழ இரு மடங்கானதைக் கணக்கில் கொண்டு கோட்டை ரூ. 1,900 வரை உயர்த்தினாலும் நாங்கள் அதற்கு வெகு மேலே இருக்கிறோம். 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் தலைக்கு மாதச் சராசரிச் செலவு கிராமத்தில் ரூ. 5,310, நகரத்தில் ரூ. 7,630. கிராமமாக வைத்தாலும் நகரமாக வைத்தாலும் சராசரிக்குக் கீழே. வறுமைக் கோட்டுக்கு மேலே. அரசுக் கணக்கில் நாங்கள் ஏழைகள் அல்லர். இதைக் கேட்டுத் தாயார் சிரித்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் யாரும் ஆண்டுச் சராசரியில் உண்பதில்லை. நவம்பரைத் தனியே எடுத்துக்கொள்வோம். தந்தையார் ரூ. 8,000, தாயார் ரூ. 3,000, உதவித் தொகைகள் ரூ. 2,000, வரவு ரூ. 13,000. வாடகை போனால் மீதி ரூ. 7,000, தலைக்கு ரூ. 1,400. வறுமைக் கோட்டில் வாடகைக்கும் ஏதோ ஒரு பங்கு உண்டாகையால் இந்த ஒப்பீடு முழுச் சரியன்று என்று பேராசிரியர் கூறினார், ஒப்புக்கொள்கிறேன். எனினும் பிப்ரவரியில் ரூ. 28,500 வரவு வைத்த அதே குடும்பம்தான் நவம்பரில் இப்படி நின்றது. ஆண்டுக்கொரு கோடு எங்களை மேலே காட்டுகிறது. மாதத்துக்கொரு கோடு போட்டால் நாங்கள் கிணற்று வாளிபோல் ஏறி இறங்குவது தெரியும்.

அந்த இரு மாதங்களை எப்படிக் கடந்தோம் என்பதில்தான் நான் கற்ற மிக முக்கியமான பாடம் இருக்கிறது. நவம்பரில் செலவு ரூ. 19,400, டிசம்பரில் ரூ. 20,600. வரவு முறையே ரூ. 13,000, ரூ. 14,000. துண்டு விழுந்தது ரூ. 13,000. தாயார் வேலை செய்யும் ஒரு வீட்டில் ரூ. 5,000 முன்பணம் கொடுத்தார்கள். மீதிக்குத் தண்டல். தண்டலை அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தைந்நூறு பிடித்துக்கொண்டு ரூ. 8,500 கையில் தருவார்கள். மறுநாள் முதல் நூறு நாட்களுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் கட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்கு வண்டியின் ஒலி கேட்கும். வேலை கிடைத்த நாளா கிடைக்காத நாளா என்று அந்த வண்டிக்குக் கவலையில்லை.

வறுமையை அளக்க நம் நாட்டில் வருமானத்தை அல்ல, செலவைத்தான் கேட்கிறார்கள். கூலிக்காரரிடம் வருமானத்தைக் கேட்டால் சரியான விடை வராது என்பது அதற்குக் காரணம். நியாயமான காரணமே, எங்கள் 84,000ஐ நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நவம்பரில் யாராவது வந்து கேட்டிருந்தால் தலைக்கு ரூ. 3,880 செலவு என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கடன் என்பது அந்தப் பத்தியில் தெரியாது. கடன் வாங்கி உண்ட சோறும் நுகர்வுதானே! மார்ச்சு மாதம் 22 நாள் வேலை கிடைத்தும் வீட்டில் மீன் எடுக்காததற்குக் காரணம் அந்த நவம்பர்தான் என்பதும் தெரியாது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1997இல் மற்ற மாநிலங்கள் ரேஷனை வறுமைக் கோட்டின்படி பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையும் இல்லை. ஏழை என்று நிரூபிக்காமலேயே அரிசி வந்தது. கோட்டுக்கு மேலே இருந்துகொண்டு நவம்பரைக் கடக்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899இல் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த சீபோம் ரவுண்ட்ரீ, நகர மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருப்பதாக 1901இல் எழுதினார். அந்த விழுக்காட்டைவிட அவர் கண்ட இன்னொரு செய்தி என்னைத் தைத்தது. தொழிலாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வருகிறதாம்: குழந்தையாய் இருக்கும்போது, தன் குழந்தைகள் சம்பாதிக்காமல் இருக்கும்போது, முதுமையில். எங்கள் ஓர் அறையில் அந்த மூன்றும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. தம்பி, தந்தையார், ஆயா.

இதில் நான் எங்கே நிற்கிறேன்? பிளஸ் டூ முடித்த அன்றே கம்பெனி வேனில் ஏறியிருந்தால் மாதம் பன்னிரண்டாயிரமாவது கொண்டுவந்திருப்பேன். என்னோடு படித்த பெண்கள் பலர் இப்போதும் அதிகாலையில் எங்கள் தெருமுனையில் ஸ்ரீபெரும்புதூர் வேனுக்குக் காத்திருக்கிறார்கள். நான் போயிருந்தால் ஆண்டுக்கு ரூ. 1,44,000 கூடியிருக்கும், நவம்பரில் தண்டல்காரர் வந்திருக்க மாட்டார். வாய்ப்புச் செலவு என்று முதலாமாண்டுத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினேனே, அது இதுதான். எங்கள் வீட்டின் வறுமையில் ஒரு பெரும் பங்கு நான் கல்லூரிக்கு வருவதால் உண்டானது. இதை ஒருநாள் தந்தையாரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கணக்க மட்டும் கிழிச்சிப் போடும்மா" என்றார்.

கிழிக்கவில்லை.

2025 ஜூலையில் மீண்டும் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. தந்தையாரும் நானும் வெகுநேரம் பேசினோம். இறுதியில் நோட்டில் உள்ள தொகையையே எழுதுவது என்று முடிவாயிற்று, படிவத்தில் ரூ. 2,48,000 என்று நானே நிரப்பினேன். வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்து, "கூலின்னு போட்டு இவ்வளவு எழுதியிருக்கீங்களே, சரியாப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். சான்றிதழ் அதே தொகைக்கு வந்தது.

அன்று மாலை ஆயா வாசலில் உட்கார்ந்து முல்லை கட்டிக்கொண்டிருந்தார். புது நோட்டில் எல்லார் பெயரையும் எழுதிப் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன். "என் பேரு இருக்கா?" என்றார். இருக்கிறது, ஆனால் எதிரே எழுத ஒன்றும் இல்லை என்றேன். சற்றுநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு நாப்பது ரூபா. வாரத்துல அஞ்சி நாளு. போன வருஷமும் அதான். எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். ஆண்டுக்கு ரூ. 10,400.